பலகையில் கடற்கரை, நாவில் பீச்சு!

காலை ஒன்பது மணி. தாம்பரத்திலிருந்தும் செங்கற்பட்டிலிருந்தும் வேளச்சேரியிலிருந்தும் வரும் மின்தொடர்வண்டிகள் சென்னைக் கடற்கரை நிலையத்தில் மக்களை இறக்கிவிடுகின்றன. எழுத்தர், சுமைதூக்குவோர், வழக்கறிஞர், வங்கி ஊழியர், கடைச் சிப்பந்திகள் எனப் பல்லாயிரவர் படியேறி வெளியே விரைகின்றனர். கிழக்கே துறைமுகம், மேற்கே தலைமை அஞ்சலகமும் சுங்க இல்லமும் வங்கிகளும் வரிசையாக நிற்கும் நெடுஞ்சாலை. நிலையத்தின் மதிலோரம் பருமாக் கடைத்தெரு. பருமாவிலிருந்து 1960-களில் வெளியேற்றப்பட்டு வெறுங்கையோடு வந்த தமிழர், பிழைப்புக்காகக் கண்ட இடம் அது. தமிழ்நாட்டு வணிகத்தின் நெஞ்சாங்குலை இந்த நிலையத்தைச் சுற்றித்தான் துடிக்கிறது.

அந்தக் கூட்டத்தில் ஒருவரை நிறுத்தி, ‘எங்கிருந்து வண்டி ஏறுவீர்?’ என்று கேட்டால் என்ன விடை வரும்? ‘பீச்சிலிருந்து’ என்பார். ‘அடுத்த நிலையம்?’ ‘போர்ட்டு.’ ‘அதற்கடுத்தது?’ ‘பார்க்கு.’ ‘அதற்கும் அடுத்தது?’ ‘எக்மோர்.’ தலைக்குமேல் தொங்கும் பலகையிலோ கடற்கரை, கோட்டை, பூங்கா, எழும்பூர் என்று தமிழ் எழுதப்பட்டிருக்கிறது. எழுத்தில் தமிழ் வாழ்கிறது. எழுதியவனின் நாவில் செத்துக் கிடக்கிறது!

எழும்பூரைப் பார்க்க. அப்பெயரைச் சொல்லத் தெரியாத வெள்ளையன் எக்மோர் என்று சிதைத்தான். ழகரம் அவன் நாவுக்கு வரவில்லை. அது அவன் குறை. ழகரம் வாய்த்த தமிழனும் ஏன் எக்மோர் என்கிறான்? முடவன் நடந்த நடையைக் காலுள்ளவன் பழகிக்கொண்ட கதை இது.

‘பீச்சு என்பது சொல்ல எளிது, கடற்கரை நீளம்’ என்பர் சிலர். இது பொய். இதே தடத்தில் நுங்கம்பாக்கமும் பழவந்தாங்கலும் உள்ளன. ஒவ்வொன்றும் எட்டெழுத்து. எவரும் அவற்றை ஆங்கிலமாக்கிக் குறுக்கவில்லை. ஆங்கிலப் பெயர் இல்லாமையால், குழந்தைகூடத் தடுமாறாமல் சொல்கிறது. எட்டெழுத்துப் பழவந்தாங்கலைச் சுமக்கும் நாவுக்கு ஐந்தெழுத்துக் கடற்கரை கனக்குமா? கனப்பது சொல் அன்று. ஆங்கிலப் பெயர் ஒன்று கிடைத்துவிட்டால் தமிழ்ப்பெயரைத் தாழ்ந்ததாக எண்ணும் அடிமை நெஞ்சமே கனக்கிறது.

பலகையில் உள்ள தமிழ் தானாக வந்து அமர்ந்ததன்று. அதற்கொரு வரலாறு உண்டு. 1938-இல் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கினார் அன்றைய முதலமைச்சர் இராசாசி. அதை எதிர்த்துச் சிறை சென்ற நடராசனும் தாளமுத்துவும் 1939-இல் உயிர் நீத்தனர். அவர்கள் வடசென்னை மூலகொத்தளத்தில் உறங்குகிறார்கள். கடற்கரை நிலையத்தின் முன்னே ஓடும் சாலைக்கோ இராசாசியின் பெயர்! பின்னாளில் அவரே இந்தியை எதிர்த்தார் என்பது மெய். ஆயினும் அச்சாலையில் நாள்தோறும் நடப்போரில் எத்தனை பேர்க்கு அவ்விரு இளைஞரின் பெயர் தெரியும்?

1952-இல் பெரியாரின் அழைப்பை ஏற்றுத் தொண்டர்கள் தொடர்வண்டி நிலையப் பலகைகளில் இருந்த இந்தி எழுத்துகளைத் தார் கொண்டு அழித்தனர். 1953-இல், கல்லக்குடி என்னும் ஊர்ப்பெயரை மறைத்து வடநாட்டுப் பைஞ்சுதை ஆலை முதலாளியின் பெயரால் தால்மியாபுரம் என்று நிலையத்துக்கு இட்ட பெயரை மாற்றக்கோரி, தண்டவாளத்தில் தலைவைத்துப் படுத்தனர். துமுக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. ஒரு நிலையத்தின் பெயருக்காகத் தமிழன் உயிர் கொடுத்திருக்கிறான். அவன் வழிவந்தவன், பலகையிலுள்ள தமிழ்ப்பெயரை வாயால் சொல்லவும் சோம்புகிறான்!

1965-இன் மொழிப்போர் நடுவணரசையும் அசைத்தது. 1976-இல் வகுக்கப்பட்ட அலுவல்மொழி விதிகள், தமிழ்நாடு நீங்கலாக இந்தியா முழுமைக்கும் பொருந்தும் என்றே தொடங்குகின்றன. இருந்தும் 2019 சூன் திங்களில் தென்னகத் தொடர்வண்டித் துறை ஒரு சுற்றறிக்கை விடுத்தது: நிலைய அலுவலரும் கட்டுப்பாட்டு அறையும் ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் பேசிக்கொள்ளவேண்டும், வட்டார மொழியைத் தவிர்க்கவேண்டும். அதற்குச் சில கிழமைகளுக்கு முன் திருமங்கலம் அருகே ஒரே தடத்தில் இரு வண்டிகள் எதிரெதிரே வர நேர்ந்ததும், அலுவலர் ஒருவர் பேச்சு மற்றவர்க்கு விளங்காமற் போனதும் அதற்குப் பின்னணி. தமிழ்நாட்டில் பணியாற்ற வந்தவர்க்குத் தமிழ் தெரியாதது குற்றமாகக் கொள்ளப்படவில்லை. தமிழ்நாட்டில் தமிழன் தமிழ் பேசியது குற்றமாகக் கொள்ளப்பட்டது! எதிர்ப்புக் கிளம்பியதும் அவ்வாணை திரும்பப் பெறப்பட்டது. ஆணை போயிற்று, அதைப் பிறப்பித்த எண்ணம் போயிற்றா?

போகவில்லை என்பதற்குச் சான்று கடற்கரை நிலையத்தின் குறியெழுத்திலேயே உள்ளது. நகரின் பெயர் சென்னை என்று 1996-இல் தமிழ்நாட்டரசு மாற்றியது. ஆனால் தொடர்வண்டித் துறையின் கால அட்டவணையிலும் கணிப்பொறித் திரையிலும் கடற்கரை நிலையம் இன்றும் ‘எம்.எசு.பி.’, அஃதாவது ‘மதராசு பீச்சு’. எழும்பூர் ‘எம்.எசு.’, நடுவண் நிலையம் ‘எம்.ஏ.எசு.’ நடுவண் நிலையத்தின் பெயர் 2019-இல் மீண்டும் மாற்றப்பட்டபோதும் மதராசின் எழுத்துகள் அசையவில்லை.

‘குறியெழுத்தை மாற்றுவது அரிது; கணிப்பொறி குழம்பும்’ என்று மறுமொழி வரலாம். 2018-இல் முகல்சராய் நிலையம் பெயர் மாறியது, குறியெழுத்தும் மாறியது. 2020-இல் அலகாபாத்து நிலையம் பிரயாகுராசு ஆனது. குறியெழுத்தும் உடன் மாறியது. மும்பை நடுவண் நிலையமும் பம்பாயின் எழுத்தை உதறிவிட்டது. அங்கெல்லாம் குழம்பாத கணிப்பொறி சென்னைக்கு மட்டும் குழம்புமோ? அங்கே கேட்டார்கள், பெற்றார்கள். இங்கே கேட்பாரில்லை. ‘பீச்சு’ என்றே பேசுகின்றவன் எந்த வாயால் ‘மதராசு பீச்சு’ என்ற எழுத்தை மாற்று என்று கேட்பான்?

நோயின் வேர் இதுதான். தில்லியின் திணிப்பை எதிர்க்கத் தோள் தட்டும் தமிழன், தன் நாவின்மேல் ஆங்கிலம் ஏறி அமர்ந்திருப்பதை உணர்வதில்லை. தாரால் அழித்த எழுத்து மீண்டும் எழுதப்படலாம். சிறை சென்று மீட்ட உரிமை மீண்டும் பறிக்கப்படலாம். அவற்றை எதிர்த்து மீண்டும் போராடலாம். ஆனால் மக்கள் வாயிலிருந்து உதிர்ந்த சொல்லை எந்தப் போராட்டத்தாலும் மீட்க இயலாது. பலகையில் மட்டும் இருக்கும் சொல், கல்லறைமேல் எழுதிய பெயருக்கு ஒப்பு.

1931-இல் தென்னாட்டின் முதல் மின்தொடர்வண்டி இந்தக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையேதான் ஓடியது. அன்று தொடங்கி எத்தனையோ மாறிவிட்டன: குறுகிய தடம் அகன்ற தடமாயிற்று, குளிரூட்டிய வண்டியும் 2025-இல் வந்துவிட்டது. இரும்பை மாற்ற முடிந்த இனத்துக்கு நாவை மாற்ற முடியாதா?

செலவில்லாத போராட்டம் இது, சிறையில்லாத போராட்டம். பயணச்சீட்டு வாங்கும் தமிழன் ‘கடற்கரைக்கு ஒன்று’ என்று கேட்கட்டும். சீட்டுக் கொடுப்பவர் விழித்தால், பலகையைச் சுட்டிக் காட்டட்டும். பிள்ளையை அழைத்துச் செல்லும் தாய், பூங்கா என்றும் எழும்பூர் என்றும் பரங்கிமலை என்றும் சொல்லிக் கொடுக்கட்டும். பல்லாயிரம் நாவில் கடற்கரை ஒலிக்கும் நாளில், தில்லியின் கணிப்பொறியில் மதராசு நிலைக்காது.

முதலில் நாவு விடுதலை பெறட்டும். எழுத்து தானே விடுதலை பெறும்!