பறக்கும் ராடார்: பெரிய விமானம் நல்லதா? நடுத்தர விமானம் நல்லதா?

திருப்பாச்சூர்,

திருவள்ளூரில் ரெயில் ஏறினால் அரை மணி நேரம் போல பயணம், அரக்கோணம் வந்து விடும். அங்குள்ள கடற்படை விமான தளம் அருகே 1999-ம் ஆண்டு ஜனவரி 11-ந்தேதி ஒரு ஆவ்ரோ விமானம் விழுந்து நொறுங்கியது. அதில் இருந்த 8 பேரும் பலியானார்கள். அவர்களில் 4 பேர் விஞ்ஞானிகள்.

முதுகில் பெரிய தட்டு போன்ற ராடார் கூண்டை சுமந்து பறந்த சோதனை விமானம் அது. இந்த விபத்தோடு அந்த திட்டமே முடங்கியது.

எதற்கு இந்த விமானம்?

பூமி உருண்டை. அதனால் தாழ்வாக பறந்து வரும் எதிரி விமானம், தரையில் உள்ள ராடாருக்கு கிட்டத்தில் வந்த பிறகுதான் தெரியும். ராடாரை வானத்துக்கு கொண்டு போனால் பல நூறு கிலோ மீட்டருக்கு முன்பே கண்டுபிடித்து விடலாம்.

பெரிய லாரி

இந்தியா 2004-ல் 3 பெரிய விமானங்களுக்கு ஒப்பந்தம் போட்டது. விலை சுமார் 110 கோடி டாலர். ரஷியாவின் 4 என்ஜின் ஐ.எல்.-76 விமானத்தில் இஸ்ரேலின் பால்கன் ராடார். முதல் விமானம் 2009-ல் வந்தது. சுற்றி 360 டிகிரியும் பார்க்கும். உள்ளே ஆட்களும் கருவிகளும் தாராளமாக இருக்கலாம். ஆனால் எடை 170 டன்னுக்கும் மேல். எரிபொருளை குடித்து தள்ளும்.

குட்டி யானை

நடுத்தர ரகம் 'நேத்ரா'. பிரேசிலின் எம்ப்ரேயர் பயணிகள் விமானத்தில் நம் நாட்டு ராடார். எடை சுமார் 24 டன்தான். செலவும் குறைவு. ஆனால் இரு பக்கமும் சேர்த்து 240 டிகிரிதான் பார்க்கும். முன்னும் பின்னும் தெரியாது. சுமார் 5 மணி நேரம் பறக்கும். வானிலேயே எரிபொருள் நிரப்பினால் 9 மணி நேரம். 2019 பாலகோட் தாக்குதலின்போது இதுவும் காவல் காத்தது.

3 ஷிப்ட் கணக்கு

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் மெஷின் நிற்காமல் ஓட 3 ஷிப்ட் ஆள் வேண்டும். இங்கும் அதே கதைதான். ஒன்று வானத்தில் இருந்தால், அடுத்தது கிளம்ப தயாராக நிற்க வேண்டும். இன்னொன்று பழுது பார்க்க போயிருக்கும். ஆக 3 விமானம் வாங்கினால், வானத்தில் நிற்பது ஒன்றுதான். எல்லையோ பாகிஸ்தான் பக்கமும் உண்டு, சீனா பக்கமும் உண்டு.

ஒன்று போனாலும் அடி பலமாக விழும். 2024 ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் ரஷியாவின் 2 பெரிய ஏ-50 ராடார் விமானங்களை வீழ்த்தியதாக உக்ரைன் அறிவித்தது. ரஷியாவிடமே அவை கொஞ்சம்தான் இருந்தன.

பாகிஸ்தான், சுவீடனின் நடுத்தர சாப்-2000 ராடார் விமானங்களை வாங்கி குவித்தது. எண்ணிக்கையில் இந்தியா பின்தங்கி விட்டது.

எது தேவை?

தூரமாக, நீண்ட நேரம் பார்க்க பெரியது வேண்டும். இரவு பகலாக காவல் விட்டுப்போகாமல் இருக்க நடுத்தரம்தான் கை கொடுக்கும். ஒன்றை வைத்து மற்றொன்றை ஈடுகட்ட முடியாது. இடைப்பட்ட அளவில், 6 ஏர்பஸ் ஏ-321 விமானங்களில் உள்நாட்டு ராடார் பொருத்தும் திட்டமும் உள்ளது. இதில் தாமதம் ஆக ஆக, வானத்தில் ஓட்டை அப்படியே இருக்கும்.

அரக்கோணத்தில் விஞ்ஞானிகளை பறிகொடுத்த அதே பெங்களூரு மையம்தான், 18 ஆண்டுகள் கழித்து 2017-ல் நேத்ராவை விமானப்படையிடம் ஒப்படைத்தது. அதன் முதுகில் சுற்றும் தட்டு இல்லை. அசையாத நீளப்பெட்டிதான் உள்ளது என்பது குறிப்பிடத்தக்கது.