வாசகர் கேள்வி: குடியை நிறுத்த ஆஸ்பத்திரிக்குப் போகலாமா?

கேள்வி: என் கணவருக்கு 41 வயது. 3 ஏக்கர் மானாவாரியில் மக்காச்சோளமும் பருத்தியும் போடுகிறோம். முன்பெல்லாம் விளைச்சல் காசு வந்தால்தான் குடிப்பார். இப்போது காலையில் கொஞ்சம் உள்ளே போனால்தான் கை நடுக்கம் நின்று மண்வெட்டி பிடிக்க முடிகிறது. கோயிலில் கயிறு கட்டிக்கொண்டு 3 நாள் நிறுத்தினார். சுவரில் பூச்சி ஊர்கிறது என்று உளற ஆரம்பித்ததும் பயந்துபோய் நாங்களே வாங்கிக் கொடுத்துவிட்டோம். சாப்பாட்டில் கலந்து கொடுக்க ஒரு பொடி இருக்கிறதாம். வாங்கலாமா? அதிகச் செலவில்லாமல் சிகிச்சை எங்கே கிடைக்கும்?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, பெரம்பலூர் மாவட்டம்.

பதில்: சகோதரி, பொடி வேண்டாம். வீட்டிலேயே வைத்து ஒரேயடியாக நிறுத்தவும் வேண்டாம். இரண்டுமே உயிருக்கு ஆபத்து. நீங்கள் போக வேண்டிய இடம் அரசு மருத்துவமனை.

உங்கள் கணவருக்கு வந்த உளறல் காத்து கருப்பு வேலையோ, மன உறுதி இல்லாததோ அல்ல. தினமும் குடிக்கிற உடம்பில் மூளையும் நரம்பும் சாராயத்துக்குப் பழகிவிடுகின்றன. திடீரென்று அது கிடைக்காமல் போனால் முதல் நாளிலேயே கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை வரும். முதல் 2 நாட்களுக்குள் சிலருக்கு வலிப்பு வரும். 2-லிருந்து 4 நாட்களுக்குள் சிலருக்குக் காய்ச்சலும், இல்லாததைப் பார்க்கிற, கேட்கிற குழப்பமும் வரும். சிகிச்சை இல்லாவிட்டால் இதில் உயிரே போகலாம். கயிறு கட்டுவதும் மாலை போடுவதும் அவரவர் நம்பிக்கை. அது மனதுக்குத் தெம்பு தரும். ஆனால், காலையிலேயே குடிக்கிற நிலைக்கு வந்தவர் முதலில் டாக்டரைப் பார்த்துவிட்டுத்தான் நிறுத்த வேண்டும்.

பொடி விஷயத்துக்கு வருவோம். இப்படி ரகசியமாக விற்கப்படுவதில் என்ன இருக்கிறது என்று வாங்குபவருக்குத் தெரியாது. குடித்தால் ஒத்துக்கொள்ளாமல் செய்யும் ‘டைசல்ஃபிராம்’ என்ற மருந்து உண்டு. டாக்டர்கள் அதைக் கல்லீரல், இதயம் எல்லாம் பரிசோதித்து, நோயாளியிடம் சொல்லி, அவர் சம்மதத்தோடுதான் கொடுப்பார்கள். அது உள்ளே இருப்பது தெரியாமல் ஒருவர் குடித்தால் வாந்தி, நெஞ்சுப் படபடப்பு, ரத்த அழுத்தம் சரிவது என்று போய் உயிரே போகலாம். அதோடு, சோற்றில் கலந்தது என்றைக்காவது தெரிந்தால், அதன் பிறகு நீங்கள் எடுத்துக் கொடுக்கிற எந்த மாத்திரையையும் அவர் நம்ப மாட்டார்.

சிகிச்சை எங்கே?

நம் மாநிலத்தில் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. குடிநோய்க்கு அங்கேதான் சிகிச்சை. ‘மனநலம்’ என்ற பலகையைப் பார்த்துத் தயங்க வேண்டாம். மாவட்ட மனநலத் திட்டத்தின் டாக்டர்கள் குறிப்பிட்ட நாட்களில் தாலுகா மருத்துவமனைகளுக்கும் வருகிறார்கள். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டால் எந்தக் கிழமை என்று சொல்வார்கள். 2025-ல் ‘கலங்கரை’ என்ற பெயரில் போதை மீட்பு மையங்களை அரசு மருத்துவமனைகளில் 25 இடங்களில் அரசு தொடங்கியது. உங்களுக்குப் பக்கத்தில் எது என்பதை 104 என்ற எண்ணில் கேளுங்கள். போதை மீட்புக்கென்றே உள்ள தேசிய உதவி எண் 14446. இதற்குக் கட்டணம் இல்லை.

சேர்த்த முதல் வாரத்தில் நடுக்கமும் வலிப்பும் வராமல் இருக்க மாத்திரைகளும், பி1 வைட்டமின் ஊசியும் கொடுப்பார்கள். அதன் பிறகு ஆசையை அடக்க மருந்தும் ஆலோசனையும் தொடரும். தினமும் எவ்வளவு குடிக்கிறார், கடைசியாக எப்போது குடித்தார், வலிப்பு வந்ததா, உளறினாரா என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். மருந்தின் அளவை அதை வைத்துத்தான் முடிவு செய்வார்கள்.

10 நாள், 15 நாள் ஆகலாம் என்று எண்ணி மாட்டுக்குத் தண்ணீர் காட்டவும், காட்டைப் பார்த்துக்கொள்ளவும் ஆள் ஏற்பாடு செய்துவிடுங்கள். ‘பருத்தி எடுப்பு முடியட்டும்’ என்று தள்ளிப்போட வேண்டாம். உளறல் வரை போனவருக்கு அடுத்த முறை இன்னும் கடுமையாக வரலாம்.

தனியார் மையத்துக்குப் போவதாக இருந்தால், 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி அது மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்யப்பட்டதா என்று முதலில் கேளுங்கள். மனநல டாக்டர் வருகிறாரா, நீங்கள் போய்ப் பார்க்க விடுவார்களா என்றும் கேளுங்கள். சங்கிலியால் கட்டுவதை அந்தச் சட்டம் தடை செய்திருக்கிறது. அடித்துத் திருத்துகிறோம் என்பவர்களிடம் ஆளை ஒப்படைக்காதீர்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

கோரையை மேலே அறுத்தால் போய்விடுமா? கிழங்கு உள்ளே இருக்கும். குடியும் அப்படித்தான். முதல் வார சிகிச்சை மேல் அறுப்பு மாதிரி. மாதாமாதம் டாக்டரைப் பார்ப்பதுதான் கிழங்கைத் தோண்டுவது. நடுவில் ஒரு நாள் தவறிவிட்டால் ‘எல்லாம் போச்சு’ என்று கைவிடாதீர்கள். மறுநாளே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். விளைச்சல் பணம் கைக்கு வருகிற நாள்தான் சோதனை. அவர் சம்மதத்தோடு, முதல் சில மாதங்களுக்கு அது உங்கள் வங்கிக் கணக்கில் விழட்டும்.

ஒன்றைக் கட்டாயம் செய்யுங்கள். பூச்சிமருந்து, களைக்கொல்லி டப்பாக்களைப் பெட்டியில் பூட்டி, சாவியை வேறு ஒருவரிடம் கொடுங்கள். போதையில் வருகிற சண்டையும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிற விஷமும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பது நம் கிராமங்களுக்குத் தெரியும். ‘செத்துப்போகிறேன்’ என்று யாராவது சொன்னால் அலட்சியம் செய்யாமல், அவரைத் தனியே விடாமல், 14416 என்ற மனநல உதவி எண்ணுக்குப் பேசுங்கள். இரவிலும் எடுப்பார்கள். விஷம் குடித்துவிட்டால் உடனே 108.

இது உங்கள் வீட்டுப் பிரச்னை மட்டுமல்ல. 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் 100-க்குச் சுமார் 25 பேர் குடிக்கிறார்கள். குடிக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சை பெற்றிருக்கிறார் என்று 2019-ல் வெளியான தேசிய ஆய்வு சொல்கிறது. மீதி 37 பேர் வீடுகளிலும் கயிறு, சத்தியம், சண்டை, பொடி என்றுதான் போய்க்கொண்டிருக்கிறது. கையில் காசு குறைந்தவர் மலிவான கள்ளச்சாராயத்துக்குப் போகிறார். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தால் 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். குடித்தவருக்கு வயிற்று வலியோ, வாந்தியோ, பார்வை மங்கலோ இருந்தால் ‘தூங்கினால் சரியாகும்’ என்று விடக் கூடாது.

ஊர் சேர்ந்தால் முடியும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. இன்றைய திருவாரூர் மாவட்டத்தின் மஞ்சக்குடியில், சாந்தி ரங்கநாதன் தொடங்கிய சென்னை டி.டி.கே. மருத்துவமனை, கிராமத்திலேயே 15 நாள் முகாம் நடத்திக் குடிநோய்க்குச் சிகிச்சை கொடுத்தது. குடும்பத்தாருக்கும் ஆலோசனை நடந்தது. ஊர்க்காரர்களும் துணை நின்றார்கள். நாமும் ஒன்று செய்யலாம். மரம் வெட்டவும் மருந்து அடிக்கவும் வருபவருக்குக் கூலியோடு ‘குவாட்டர்’ வாங்கித் தருகிற வழக்கத்தை நிறுத்தலாம்.

கேள்வி: பிளஸ் ஒன் படிக்கும் என் மகன் உதட்டுக்குள் புகையிலைப் பொட்டலம் வைக்கிறான். அடித்தும் கேட்கவில்லை. என்ன செய்வது?
- ஒரு தந்தை, தேனி மாவட்டம்.

பதில்: அடிப்பதை நிறுத்துங்கள். அடித்தால் ஒளித்து வைக்கத்தான் கற்றுக்கொள்வான். ஒரு நாளைக்கு எத்தனை, எப்போதிலிருந்து என்று நிதானமாகக் கேளுங்கள். கஞ்சாவோ வலி மாத்திரையோ பழக்கம் இருக்கிறதா என்பதும் அப்படிக் கேட்டால்தான் தெரியும். புகையிலையை விடுவதற்கான இலவச ஆலோசனை எண் 1800-11-2356. வாயில் வெள்ளைத் திட்டு, ஆறாத புண், வாய் திறப்பதில் சிரமம் இருந்தால் பல் டாக்டரிடம் உடனே காட்டுங்கள். மெல்லும் புகையிலைப் பொட்டலம் எந்தக் கடையில் கிடைக்கிறது என்பதைப் பள்ளித் தலைமை ஆசிரியரிடம் சொல்லுங்கள்; உங்கள் மகனோடு இன்னும் சில பிள்ளைகளும் தப்பிப்பார்கள்.

உங்கள் கேள்விகளை எழுதுங்கள். பெயர் வேண்டாம் என்றால் கடிதத்திலேயே குறிப்பிடுங்கள். பதில் மட்டும் வரும்.