கட்டும்போது பார்!

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்" என்று நம் பெரியோர்கள் சொல்லி வைத்தார்கள். அந்தப் பழமொழியில் வருகிற "பார்" என்னும் சொல்லுக்குக் கண்ணால் பார்ப்பது என்று பொருள் இல்லை. அநுபவித்துத் தெரிந்துகொள் என்பதே பொருள். ஆனால் இந்தக் காலத்தில் வீடு வாங்குகிறவர்கள் பெரும்பாலும் அதைக் கட்டுவதும் இல்லை; கட்டும்போது பார்ப்பதும் இல்லை. எல்லாம் முடிந்து, வர்ணம் பூசி, மாவிலைத் தோரணம் கட்டிய பிறகு போய்ப் பார்க்கிறார்கள்.

சென்ற மாதம் நம் மைத்துனர் ஓர் அடுக்கு மாடிக் கட்டடத்தில் வீடு பார்க்கப் புறப்பட்டபோது நம்மையும் உடன் அழைத்துச் சென்றார். பள்ளிக்கூட வாத்தியாருக்கு எல்லாம் தெரியும் என்ற பழைய நம்பிக்கை அவரிடம் இன்னும் இருக்கிறது. அவர் தரையைக் காலால் தட்டிப் பார்த்தார். குழாயைத் திறந்து மூடினார். அவருடைய மனைவி பூஜை அறை எந்தத் திசையை நோக்கியிருக்கிறது என்று விசாரித்தார். நாமும் நம் பங்குக்கு ஜன்னல் வழியே எட்டிப் பார்த்து, "நல்ல காற்று" என்று ஓர் அத்தாட்சி வழங்கினோம். சுவருக்குள் என்ன இருக்கிறது என்று மூவரில் ஒருவரும் கேட்கவில்லை.

வீடு திரும்பிய பிறகுதான் நமக்கு வெட்கம் உண்டாயிற்று. ஏனெனில், சில காலமாகவே நாம் ஒரு கட்டடத்தின் கதையை, அஸ்திவாரம் முதல் உச்சி மாடி வரையில், படங்களாகவும் விளக்கங்களாகவும் தேடிப் பிடித்துப் படித்து வந்திருக்கிறோம். அந்தக் கட்டடத்தின் பெருமை முழுவதும் சுவருக்குள்ளேதான் இருக்கிறது!

அது இருப்பது நியூயார்க் நகரத்தில். மன்ஹாட்டனுக்கும் க்வீன்ஸுக்கும் நடுவே ஓடும் கிழக்கு நதியில் ரூஸ்வெல்ட் தீவு என்று ஒடுக்கமான தீவு ஒன்று உண்டு. ஒரு காலத்தில் சிறைச்சாலையும், சித்தம் கலங்கியவர்களுக்கான விடுதியும், பெரியம்மை ஆஸ்பத்திரியும் இருந்த இடம் அது. இன்று அங்கே கார்னெல் பல்கலைக் கழகத்தின் தொழில்நுட்பக் கலாசாலை நடைபெறுகிறது. அதன் மாணவர்களும் ஆசிரியர்களும் வசிப்பதற்கென்று 26 மாடிகளும் சுமார் 350 வீடுகளும் கொண்ட ஒரு கோபுரத்தை எழுப்பினார்கள். 2015-ஆம் வருஷம் வேலை ஆரம்பமாயிற்று. 2017-ஆம் வருஷம் கோடையில் ஜனங்கள் குடி வந்தார்கள். அதற்கு இட்ட பெயர் என்ன தெரியுமா? வெறும் "ஹவுஸ்", அதாவது வீடு! பெயரில்கூடச் சிக்கனம்தான்.

அந்தச் சிக்கனம் எத்தகையது என்பதற்கு நம் சமையலறையிலேயே உதாரணம் இருக்கிறது. காலையில் போட்ட காப்பியைப் பத்து மணி வரையில் சூடாக வைத்திருக்க இரண்டு வழிகள் உண்டு. அடுப்பைச் சிறிதாக எரிய விட்டு அதன்மேல் வைத்துக்கொண்டே இருக்கலாம். அல்லது பிளாஸ்கில் ஊற்றி மூடிவிடலாம். உலகத்தில் பெரும்பாலான கட்டடங்கள் முதல் வழியில் செல்கின்றன. ஒரு பக்கம் யந்திரம் உஷ்ணத்தையோ குளிர்ச்சியையோ உண்டாக்கிக்கொண்டே இருக்கும்; மற்றொரு பக்கம் சுவரும் ஜன்னலும் இடுக்குகளும் அதை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். இரண்டாவது வழியை ஜெர்மனியில் டார்ம்ஸ்டாட் நகரத்தில் பரீட்சித்துப் பார்த்தார்கள். வொல்ப்காங் பைஸ்ட் என்னும் பௌதிக நிபுணரின் முயற்சியால் எழுந்த நான்கு வரிசை வீடுகளில் 1991-ஆம் வருஷம் குடும்பங்கள் குடியேறின. "பாஸிவ் ஹவுஸ்" என்ற முறை அங்கிருந்துதான் பரவியது. அதன் விதிப்படி, ஒரு சதுர மீட்டர் தரைக்கு ஒரு வருஷம் முழுவதும் 15 யூனிட்டுக்கு மேல் வெப்பமூட்டத் தேவைப்படக் கூடாது. நூறு சதுர மீட்டர் வீடென்றால், ஐரோப்பாவின் குளிர்காலம் முழுவதற்கும் 1,500 யூனிட்டோடு சரி!

நான்கு வீடுகளுக்குச் செய்ததை 26 மாடிக்குச் செய்வது சாமான்யமான காரியமா? உயரே போகப் போகக் காற்றின் வேகம் அதிகம். அன்றியும் ஒவ்வொரு வீட்டுக்கும் குழாய், கம்பி, சமையல் புகை, குளியலறை ஈரம் எல்லாம் உண்டு. ஒவ்வொன்றும் சுவரில் ஒரு துவாரம் கேட்கும்.

ஆகவே நியூயார்க்கில் என்ன செய்தார்கள்? எலும்புக்கூட்டை எல்லாக் கட்டடங்களையும் போலவே மாடிமேல் மாடியாக எழுப்பினார்கள். ஆனால் அதற்குப் போர்த்திய போர்வை வேறு விதமானது. மூன்று கண்ணாடிகள் அடுக்கிய ஜன்னல்களோடு கூடிய பெரிய உலோகச் சுவர்ப் பலகைகளை வேறிடத்தில், கூரையின் கீழ், தொழிற்சாலையிலேயே தயாரித்துக் கொண்டுவந்து மாட்டினார்கள். மழையிலும் காற்றிலும் சாரத்தில் தொங்கிக்கொண்டு ஒருவன் செய்கிற வேலையைவிட, மேஜை உயரத்தில் நின்று செய்கிற வேலை திருத்தமாக இருக்குமல்லவா? ஆயினும், ஒரு பலகைக்கும் அடுத்த பலகைக்கும் இடையே உள்ள மூட்டை அந்த இடத்தில்தான் அடைத்தாக வேண்டும். அங்கேதான் ஒரு தொழிலாளியின் கைச்சுத்தத்தில் கட்டடத்தின் மானம் தங்கியிருக்கிறது.

இன்னொரு சங்கடமும் உண்டு. கொதிக்கிற குழம்பில் இரும்புக் கரண்டியைப் போட்டுவிட்டுப் பிறகு பிடியைத் தொட்டுப் பாருங்கள். பாத்திரத்தை எவ்வளவு நன்றாக மூடினாலும் கரண்டி வழியே சூடு வெளியே வந்துவிடும். கட்டடத்திலும் உள்ளிருந்து வெளியே நீளும் கான்கிரீட் தளமும் இரும்புத் தாங்கியும் அத்தகைய கரண்டிகள்தாம். இவற்றுக்கு நடுவே உஷ்ணம் கடக்காத பொருள் ஒன்றைச் செருகி வழியை வெட்ட வேண்டும்.

"இப்படி எல்லாவற்றையும் அடைத்தால் உள்ளே இருப்பவர்கள் மூச்சுத் திணறிப் போகமாட்டார்களா?" என்று வாசகர்கள் கேட்பது நம் காதில் விழுகிறது. நியாயமான கேள்விதான். பொங்கிய பாலைப் பாத்திரத்தோடு தண்ணீர்த் தொட்டியில் வைத்தால், பால் ஆறுகிறது, தண்ணீர் சூடாகிறது. ஆனால் பாலில் தண்ணீர் கலப்பதில்லை. அவ்விதமே, சமையலறையிலிருந்தும் குளியலறையிலிருந்தும் வெளியேறும் பழைய காற்றும், வெளியிலிருந்து வடிகட்டி வரும் புதிய காற்றும் மெல்லிய தகட்டின் இரு புறங்களிலும் ஓடுகின்றன. பழைய காற்று தன் உஷ்ணத்தைப் புதிய காற்றுக்குக் கொடுத்துவிட்டுப் போகிறது. கோடையில் இதுவே எதிர்மாறாக நடக்கிறது. இடுக்கு வழியே தற்செயலாக வருகிற தூசிக் காற்றைவிட இது மேலானது என்பதே நிபுணர்களின் அபிப்பிராயம்.

இனி வருவது பரீட்சை. வாத்தியாராகிய நமக்கு மிகவும் பிடித்த கட்டம் இதுதான். வாசலில் மின்சார விசிறியைப் பொருத்தி, உள்ளேயும் வெளியேயும் 50 பாஸ்கல் அழுத்த வித்தியாசம் உண்டாக்குகிறார்கள். ஐந்து மில்லிமீட்டர் உயரத் தண்ணீர் அழுத்துகிற அளவுதான் அது. அந்த நிலையில், ஒரு மணி நேரத்தில் கட்டடத்தின் கொள்ளளவில் 0.6 பங்குக்கு மேல் காற்று கசியக் கூடாது. இந்தப் பரீட்சையில் பார்த்து எழுத முடியாது; சிபார்சும் செல்லாது. ஆனால் பூச்செல்லாம் முடிந்த பிறகு தோல்வி அடைந்தால், எந்த இடுக்கு என்று தேடிச் சுவரை உடைக்க வேண்டியதுதான். ஆதலால் இத்தகைய கட்டடங்களில் உறைகள் கண்ணுக்குத் தெரிகிற போதே, பகுதி பகுதியாகச் சோதிக்கிறார்கள். மூடுவதற்கு முன் பார்ப்பது என்பதே இந்த முறையின் உயிர்நாடி.

நியூயார்க் கோபுரம் தேறியது. அதே அளவுள்ள சாதாரணக் கட்டடத்தைவிட 60 முதல் 70 சதவீதம் வரையில் குறைவான சக்தியே இதற்குப் போதும் என்று திட்டமிட்டவர்கள் கணக்கிட்டிருந்தார்கள். இந்த முறையில் எழுந்த கட்டடங்களில் உலகத்திலேயே உயரமானது என்ற பட்டத்தையும் பெற்றது. 2018-ஆம் வருஷம் ஸ்பெயின் தேசத்துப் பில்பாவோ நகரில் எழுந்த 28 மாடிக் கட்டடம் அந்தப் பட்டத்தைக் கைப்பற்றிக்கொண்டது.

இது நிற்க. ரூஸ்வெல்ட் தீவில் ஜனங்கள் பெட்டி படுக்கையுடன் குடி வந்த அதே 2017-ஆம் வருஷத்தில், ஜூன் 14-ஆம் தேதி நள்ளிரவு கடந்த நேரத்தில், லண்டனில் க்ரென்பெல் டவர் என்னும் 24 மாடிக் குடியிருப்பு தீப்பற்றி எரிந்தது. 72 பேர் மாண்டார்கள். அந்தப் பழைய கட்டடத்துக்கும் ஒரு போர்வை போர்த்தியிருந்தார்கள். குளிர் தாக்காமல் இருக்கவும், பார்வைக்கு நன்றாக இருக்கவும் செய்த அந்த வேலை 2016-ஆம் வருஷந்தான் முடிந்திருந்தது. ஆனால் வெளியே பதித்த அலுமினியத் தகடுகளுக்கு நடுவில் பாலிஎத்திலீன் இருந்தது. அதற்குப் பின்னால் இருந்த உறையும் எரியக்கூடியதே. நாலாவது மாடியில் ஒரு சமையலறையில் பிடித்த தீ, அந்த உடையைப் பற்றிக்கொண்டு உச்சிக்கு ஏறிவிட்டது.

தீப் பாதுகாப்பைப் பற்றி அங்கே குடியிருந்தோர் சிலர் முன்னதாகவே எழுதி எச்சரித்திருந்தார்கள். கேட்பாரில்லை. 2024-ஆம் வருஷம் வெளியான விசாரணையின் இறுதி அறிக்கை, பொருளை விற்றவர்கள், அமைத்தவர்கள், சோதித்தவர்கள், மேற்பார்த்தவர்கள், ஆண்டவர்கள் ஆகிய பலர் மீதும் பொறுப்பைச் சுமத்தியது. பார்க்க வேண்டியவர்கள் பார்க்கவில்லை என்பதே அதன் சாரம்.

இந்த இரண்டு கோபுரங்களையும் அடுத்தடுத்து நினைத்துப் பார்த்தால் ஒன்று விளங்குகிறது. சக்தியைச் சேமிப்பதில் குற்றம் ஒன்றும் இல்லை. போர்வை என்ற பெயர் இரண்டிற்கும் பொதுதான். ஒன்று ஜனங்களைக் காக்கிறது, மற்றொன்று கொன்றது. எந்தப் பொருள், யார் வைத்தார், யார் பார்த்தார் என்ற மூன்று கேள்விகளில்தான் வித்தியாசம் அடங்கியிருக்கிறது.

"பணக்காரக் கலாசாலைக்கு இது சரி, ஏழைகளுக்கு எட்டுமா?" என்றும் கேட்கலாம். கானடாவில் ஹாமில்டன் நகரில் கென் ஸோபிள் டவர் என்று ஒன்று இருக்கிறது. 1967-ஆம் வருஷத்தில் எழுந்தது. 18 மாடி, 146 வீடுகள். குறைந்த வாடகையில் முதியவர்கள் வசிக்கும் நகரக் குடியிருப்பு. பழுதடைந்திருந்த அந்தக் கட்டடத்தை இடித்துத் தள்ளாமல், இதே முறையில் போர்வை போர்த்தி 2021-ஆம் வருஷத்தில் புதுப்பித்து முடித்தார்கள். அதே வருஷம் கோடையில் கானடாவின் மேற்குக் கோடியிலுள்ள பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் கடும் வெயிலால் 619 பேர் இறந்தார்கள். அவர்களில் 98 சதவீதத்தினர் வெட்ட வெளியில் அல்ல, கூரைக்கு உள்ளேயே இறந்தார்கள். பெரும்பாலோர் முதியவர்கள். சுவருக்குள் என்ன இருக்கிறது என்பது உயிர் விஷயம் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

"நமக்குத்தான் குளிரே இல்லையே!" என்று சொல்லித் தப்ப முடியாது. பிளாஸ்க் காப்பியைச் சூடாக வைப்பதுபோல் ஐஸ் தண்ணீரையும் குளிர்ச்சியாக வைக்கிறது. நம் ஊரில் முதலில் வேண்டியது ஜன்னலுக்கு நிழலும், மேல்தளத்துக்குக் காப்பும், அளவுகள் வேறாகலாம். ஆனால் பார்க்க வேண்டிய வேளை ஒன்றுதான்.

இவ்வளவையும் மைத்துனரிடம் சொன்னோம். "அப்படியானால் மறுபடியும் வாருங்கள், அத்தான்! இந்தத் தடவை நீங்களே கேளுங்கள்" என்றார். போனோம். பக்கத்துக் கட்டடத்தில் பாதி வேலை நடந்துகொண்டிருந்தது. ஜன்னல் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே நம் சுண்டுவிரல் நுழைகிற இடுக்கு ஒன்று தெரிந்தது. அங்கே நின்ற கொத்தனாரிடம், "இதை எதனால் அடைப்பீர்கள், ஐயா?" என்று வினவினோம்.

அவர் நம்மை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு ஆறுதல் கூறும் குரலில், "கவலைப்படாதீர்கள், ஸார்! பூச்சு வந்துவிட்டால் வெளியே தெரியாது" என்றார்.

அவர் பொய் சொல்லவில்லை. இதற்கு முன் அவரிடம் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை, அவ்வளவுதான். மைத்துனர் இன்னும் முன்பணம் கொடுக்கவில்லை. அந்த இடுக்கு எப்படி அடைபடுகிறது என்று பார்க்க, அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாம் இருவரும் மறுபடியும் போகப் போகிறோம்.