பரிந்துரை விற்பனைக்கு உரியதல்ல

வெளிநாடு போவது பற்றிய பேச்சு எழாத இடம்பெயர்ந்த குடும்பம் எம்மிடையே அரிது. அப்பேச்சில் 'மாகாணப் பரிந்துரை' என்ற சொல்லும் இப்போது சேர்ந்துகொண்டுள்ளது. காணி உறுதியை ஈடு வைத்தால் அதை எடுத்துத் தரலாம் என்று சொல்வோரும் உண்டு. ஆகவே அது எவ்வாறு கிடைக்கிறது என்பதை ஓர் உதாரணத்தின் மூலம் விளங்கிக்கொள்வது நல்லது. கனடாவின் மனிற்றோபா மாகாணத்தை எடுத்துக்கொள்வோம்.

கனடாவின் 1867ஆம் ஆண்டு அரசியலமைப்புச் சட்டத்தின் 95ஆம் பிரிவு, விவசாயத்தையும் குடிவரவையும் ஒரே இடத்தில் வைத்து, இரண்டிலும் மத்திய அரசுக்கும் மாகாணங்களுக்கும் அதிகாரம் கொடுத்தது. ஆயினும் ஆட்களைத் தெரிவுசெய்யும் வேலை நெடுங்காலம் மத்திய அரசிடமே இருந்தது. வந்தவர்களில் பெரும்பாலோர் ரொறன்ரோ போன்ற பெருநகரங்களுக்கே போயினர். மனிற்றோபாவுக்கோ வேலையாட்கள் போதவில்லை. எனவே அது 1996இல் மத்திய அரசுடன் உடன்படிக்கை செய்து, 1998இல் தனது பரிந்துரைத் திட்டத்தைத் தொடங்கியது.

தெரிவு நடக்கும் முறை இதுதான். விண்ணப்பிக்க விரும்புபவர் முதலில் தமது விபரங்களைப் பதிவுசெய்கிறார். மொழியறிவு, வயது, தொழில் அனுபவம், கல்வி, மாகாணத்தோடுள்ள தொடர்பு என்பவற்றுக்குப் புள்ளிகள் உண்டு. வெளிநாட்டிலிருந்து விண்ணப்பிக்கும் தொழிலாளர் 100க்கு 60 புள்ளிகளாவது பெறவேண்டும். அதிக புள்ளி பெற்றோருக்கே அழைப்பு வரும். தொடர்பு என்பது மனிற்றோபாவில் வாழும் உறவினர் அல்லது நண்பர், அங்கு முன்னர் படித்தமை அல்லது வேலைசெய்தமை, அல்லது மாகாணமே நேரில் ஆட்சேர்ப்புச் செய்து கொடுக்கும் அழைப்பு. ரொறன்ரோவில் அண்ணன் இருப்பது இங்கு உதவாது. வந்தவர் அங்கே போய்விடுவார் என்று எண்ணி மாகாணம் புள்ளியைக் குறைக்கவும் செய்யும்.

பரிந்துரை கிடைத்தாலும் அது விசா அல்ல. உடல்நலம், குற்றப் பதிவு, பாதுகாப்பு ஆகியவற்றை மத்திய அரசு சோதித்தே முடிவெடுக்கும். எத்தனை பேரை ஏற்பது என்பதும் அதன் கையிலேயே உள்ளது. எல்லா மாகாணங்களுக்குமான இலக்கை அது 2024இன் 110,000இலிருந்து 2025இல் 55,000 ஆகக் குறைத்தது.

இதில் முகவர் விற்பதற்கு என்ன இருக்கிறது? படிவம் நிரப்ப உதவலாம். புள்ளியை வாங்கித் தர முடியாது. ஆட்சேர்ப்பவர் வேலை எடுத்துக் கொடுப்பதற்குத் தொழிலாளியிடம் பணம் வாங்கக்கூடாது என்ற சட்டமும் மனிற்றோபாவில் 2009இல் நடைமுறைக்கு வந்தது. காணியை விற்று முகவரிடம் கொடுக்கும் குடும்பம் பயணமும் இன்றிக் காணியும் இன்றி நிற்க நேரும்.

அதேவேளை இம்முறையில் நாம் காணும் குறையையும் சொல்லவேண்டும். அது கடதாசியில் உள்ள திறமையை மட்டுமே எண்ணுகிறது. கிணறு வெட்டவும், நீரிறைக்கும் இயந்திரத்தைக் கழற்றிப் பூட்டவும், மழை பிந்தினால் எந்த நெல்லை விதைப்பது என்று சொல்லவும் தெரிந்தவருக்குச் சேவைக் கடிதம் கொடுக்க முதலாளி இல்லை. படித்த சான்றிதழ்களோ ஓடிய வழியில் தொலைந்தன. பண்ணை வைக்க வருவோருக்கு மனிற்றோபா ஒரு தனி வழியை வகுத்தது. அதற்கோ 500,000 டொலர் சொத்தும் 300,000 டொலர் முதலீடும் கேட்டது. குடிவரவையும் விவசாயத்தையும் ஒன்றாக வைத்த நாடு, விவசாயியின் கையைப் பாராமல் பையைப் பார்ப்பது நியாயமாகத் தோன்றவில்லை.

ஆனால் அந்த விதியை மாற்றுவது எமது கையில் இல்லை. எமது கையில் இருப்பவற்றைச் செய்வோம். தொலைந்த பிறப்புச் சான்றிதழ், பரீட்சைச் சான்றிதழ்களின் பிரதிகளை உரிய திணைக்களங்களில் விண்ணப்பித்துப் பெறுவோம். மேசன், இயந்திரத் திருத்தம் போன்ற தொழில் தெரிந்தோர், பாடநெறி படிக்காமலே அனுபவத்தைக் காட்டித் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் பெற வழியுண்டு. பிள்ளைகள் ஆங்கிலம் கற்கட்டும். இவை வெளிநாடு போனாலும் உதவும், ஊர் திரும்பினாலும் உதவும். காணி உறுதி மட்டும் எமது பெட்டியிலேயே இருக்கட்டும்.