கண்ணாடி இழையும் கேபிள்காரரும்

கேபிளா, ஃபைபரா என்ற கேள்வி தருமபுரி மாவட்டத்து வீடுகளுக்குள் வந்துவிட்டது. மாதம் இருநூறோ முந்நூறோ கட்டிப் பழகிய கேபிள் இணைப்பை வைத்துக்கொள்வதா, அதை விட்டுவிட்டு நெட்டையும் டிவியையும் சேர்த்துத் தரும் ஃபைபருக்கு மாறுவதா, இரண்டுக்கும் கட்டுவதா என்று குடும்பங்கள் கணக்குப் போடுகின்றன. எத்தனை எம்பிபிஎஸ் வேகம், எத்தனை ஓடிடி இலவசம் என்பதைத்தான் விளம்பரங்கள் நம் முன் வைக்கின்றன. அவற்றைப் பார்த்து முடிவெடுத்தால் நாம் ஏமாறுவோம் என்பது என் கருத்து. இணையம் தேவைப்படும் வீடு ஃபைபருக்குத்தான் போக வேண்டும். ஆனால் கம்பி அறுந்த அன்றே வந்து ஒட்டித் தரக்கூடிய ஆள் யார் என்று பார்த்து, அவர் வழியாக அதை வாங்க வேண்டும். நம் ஊர்களில் பெரும்பாலும் அந்த ஆள், இத்தனை காலம் நமக்கு டிவி கொடுத்துவந்த கேபிள்காரர்தான்.

ஃபைபர் ஏன் மேலானது என்பதில் அதிகம் வாதாட வேண்டியதில்லை. அமெரிக்க வீடுகளில் டிவி வரும் அதே செப்புக் கம்பியில் வேகமான இணையமும் வருகிறது. அதனால் அங்கே கேபிளும் ஃபைபரும் நேருக்கு நேர் போட்டியிடுகின்றன. நம் சிற்றூர்களின் கேபிள் பெரும்பாலும் படத்தை ஒரு வழியாக அனுப்புவதற்கு மட்டுமே போடப்பட்டது. அந்தக் கம்பியில் போகப் போக சிக்னல் தேயும். வழியில் ஆங்காங்கே ஆம்ப்ளிஃபயர் வைக்க வேண்டும், அதற்குக் கரண்ட் வேண்டும், பேட்டரி இல்லாத இடத்தில் கரண்ட் போனால் அதற்கப்பால் உள்ள வீடுகளில் படமும் போகும். கண்ணாடி இழையில் செல்வது ஒளி. ஆபரேட்டரின் அறையிலிருந்து புறப்படும் ஓர் இழையை, மின்சாரமே தேவைப்படாத ஸ்பிளிட்டர் 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கிறது. இருபது கிலோமீட்டர் வரைகூட வழியில் எந்த இயந்திரமும் இல்லாமல் அது போய்ச் சேரும். ஆபரேட்டரின் அறையில் பேட்டரியும் வீட்டு மோடத்துக்கு ஒரு சின்ன யுபிஎஸ்ஸும் இருந்தால், ஊரே இருட்டில் இருக்கும்போதும் நெட் ஓடும். மின்னல் அந்த இழை வழியே வீட்டுக்குள் பாயவும் முடியாது. மின்வெட்டும் கோடை இடிமழையும் பழகிய மாவட்டத்துக்கு இவை சிறிய நன்மைகள் அல்ல.

வேகத்தைப் பொறுத்தவரை, ஒரு வீட்டின் தேவையை நிறுவனங்கள் வேண்டுமென்றே பெரிதாக்கிக் காட்டுகின்றன. எச்டி தரத்தில் ஒரு படம் ஓட ஏறக்குறைய 5 எம்பிபிஎஸ் போதும். இரண்டு திரைகளும் நாலு கைப்பேசிகளும் ஒரே நேரத்தில் இயங்கும் வீட்டுக்கு 30 எம்பிபிஎஸ் தாராளம். ஜியோ 2020 செப்டம்பரில் 399 ரூபாய்க்கும், பிஎஸ்என்எல் அடுத்த மாதமே 449 ரூபாய்க்கும் இந்த வேகத்தில் திட்டங்களைக் கொண்டுவந்தன. அன்றிலிருந்து அடிப்படைத் திட்டம் எதை எடுத்தாலும் சாதாரணக் குடும்பத்துக்குக் குறை இருக்காது என்ற நிலை. எல்லாரும் போதுமான வேகம் தரும்போது வேகத்தை வைத்து யாரையும் தேர்ந்தெடுக்க முடியாது. நிறுவனத்துக்கு நிறுவனம் உண்மையில் வேறுபடுவது பழுது நீக்குவதில்தான்.

அதை இந்த மாவட்டத்தின் நிலப்பரப்போடு சேர்த்துப் பார்க்க வேண்டும். 2004-இல் கிருஷ்ணகிரி பிரிந்துபோன பிறகும் தருமபுரி ஏறக்குறைய 4,500 சதுர கிலோமீட்டர். அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காடு. 2011 கணக்கெடுப்பின்படி 15 லட்சத்து ஏழாயிரம் பேர். பத்தில் எட்டுப் பேருக்கு மேல் கிராமத்துக்காரர்கள். 251 ஊராட்சிகளில் சிதறிக் கிடக்கும் வீடுகளுக்கு இழை மின்கம்பம் மாறி மின்கம்பமாகத்தான் போகிறது. சாலை விரிவாக்கத்துக்குப் பள்ளம் தோண்டும் ஜேசிபி, வைக்கோல் பாரத்தோடு போகும் லாரி, காற்றில் முறியும் கிளை, வயலோரம் வைக்கும் தீ என எதுவும் அதை அறுத்துவிடும். அறுந்த இழையை ஸ்பிளைசிங் மெஷின் வைத்து ஒட்டச் சில நிமிடங்களே ஆகும். ஆள் வந்து சேருவதில்தான் நாட்கள் போகின்றன. கால் சென்டரில் கொடுத்த புகார் எண் ஒரு ஒப்பந்தக்காரருக்குப் போய், அவர் தருமபுரியிலிருந்தோ சேலத்திலிருந்தோ ஆள் அனுப்பி, அந்த ஆள் ஏரியூர்ப் பக்கத்தில் எந்தக் கம்பத்தில் அறுந்திருக்கிறது என்று தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். உள்ளூர் கேபிள்காரருக்கு அது எந்தக் கம்பம் என்று பார்க்காமலே பாதி தெரிந்திருக்கும். அந்தக் கம்பியை இழுத்தவரே அவர்தான்.

அவரிடம் இருக்கும் இந்த அறிவுக்கு வயது முப்பதாண்டுக்கு மேல். தொண்ணூறுகளில் எந்தப் பெரிய நிறுவனமும் எட்டிப் பார்க்காத ஊர்களுக்குச் சொந்தக் கைக்காசைப் போட்டு ஒயர் இழுத்தவர்கள் இவர்கள். 2006-இல் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தில் மாநிலம் முழுவதும் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட பெட்டிகள் வீடுகளுக்குப் போனபோது, அவற்றுக்குப் படம் கொடுத்ததில் பெரும்பங்கு இவர்களுடையது. 2007-இல் உருவான தமிழ்நாடு அரசு கேபிள் டிவி நிறுவனம் 2011 செப்டம்பரில் 70 ரூபாய்க்கு இணைப்பு தரத் தொடங்கியபோதும், 2017-இல் இலவச செட்டாப் பாக்ஸ் கொடுத்தபோதும், வீட்டு வாசல் வரை போனவர் அரசு ஊழியர் அல்லர், உள்ளூர் ஆபரேட்டர்தான். ஆனால் உள்ளூர்க் கை மட்டும் போதாது என்பதையும் அதே அரசு கேபிள் காட்டியது. 2022 நவம்பரில் மென்பொருள் கோளாறால் மாநிலத்தின் பல பகுதிகளில் அதன் பெட்டிகள் இயங்காமல் போயின. கம்பத்தில் ஏறிச் சரிசெய்யக்கூடிய பழுது அல்ல அது. ஆபரேட்டர்கள் வாடிக்கையாளரின் கோபத்தைத் தாங்கிக்கொண்டு நின்றார்கள். ஆகவே மேலே பொறுப்பேற்கும் ஒரு நிறுவனமும் கீழே ஊரறிந்த ஒரு கையும் சேர்ந்து இருக்க வேண்டும். பிஎஸ்என்எல் தன் ஃபைபர் சேவையில் இதைத்தான் செய்கிறது. இணையமும் பில்லும் அதனுடையவை. இழையைப் போட்டுப் பராமரிப்பவர் உள்ளூர்ப் பங்குதாரர், பல ஊர்களில் பழைய கேபிள்காரர். வருமானத்தில் அவருக்குப் பங்கு உண்டு. கம்பி அறுந்து கிடந்தால் அவர் பங்கும் நின்றுபோகும். பழுதை விரைந்து நீக்க இதைவிட நல்ல தூண்டுதல் ஒன்றை நான் எங்கும் பார்க்கவில்லை.

கேபிள்காரரை இவ்வளவு நம்பலாமா என்று கேட்பவர்கள் உண்டு, அதில் நியாயமும் உண்டு. ஒரு தெருவுக்கு ஒருவர்தான் என்றிருந்த காலத்தில் ரசீது தராதவர்கள் இருந்தார்கள். இணைப்புகளின் எண்ணிக்கையைக் குறைத்துக் காட்டியவர்கள் இருந்தார்கள். மழைக்குப் படம் போனால் மாசக் கடைசியில் காசு வாங்க வரும்போதுதான் தலைகாட்டியவர்களும் இருந்தார்கள். அந்தக் குற்றச்சாட்டுகளை நான் மறுக்கவில்லை. ஆனால் அவற்றின் வேர் ஏகபோகத்தில் இருந்தது. செட்டாப் பாக்ஸ் வந்தபோது எண்ணிக்கையை மறைக்க வழியில்லாமல் போயிற்று. ஃபைபரில் கணக்கு நிறுவனத்தின் பெயரில் இருக்கிறது, பணத்தை ஆன்லைனில் நேரே கட்டலாம், ரசீது தானாக வரும். பிடிக்காவிட்டால் அதே கம்பத்தில் வேறொரு நிறுவனத்தின் இழையும் தொங்குகிறது. தவிர, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2006-லேயே பிராட்பேண்ட் பழுதுகளை நீக்கக் காலவரம்பு வகுத்து, அது மீறினால் வாடகையில் கழிவு தர வேண்டும் என்றும் சொல்லிவிட்டது. பழுதான நாட்களுக்குக் கழிவு கேட்பது வாடிக்கையாளரின் உரிமை என்பதே நம்மில் பலருக்குத் தெரிவதில்லை. கேட்கத் தொடங்கினால் கேபிள்காரரும் மாறுவார், பெரிய நிறுவனமும் மாறும்.

கையில் போன் இருக்கிறதே, கம்பியே எதற்கு என்பது அடுத்த கேள்வி. ஒருவர் வாட்ஸ்அப் பார்க்கவும் யூடியூப் கேட்கவும் போன் டேட்டா போதும். மூன்று பிள்ளைகள் படிக்கும் வீட்டுக்கு அது போதாது. நாளொன்றுக்கு ஒன்றரை ஜிபி, இரண்டு ஜிபி என்ற வரம்பு சாயங்காலத்துக்குள் தீர்ந்துவிடும். மூவருக்கும் தனித்தனி ரீசார்ஜ் போட்டால் அது ஒரு ஃபைபர் கட்டணத்தைத் தாண்டிவிடும். 2011-இல் தமிழகத்திலேயே எழுத்தறிவு குறைவாக, 68.5 விழுக்காடாக, இருந்த மாவட்டம் இது. பெங்களூருக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போன பெற்றோரின் பிள்ளைகள் பாட்டி வீட்டில் இருந்து படிக்கும் ஊர்கள் இங்கே ஏராளம். 2020-இல் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது கல்வித் தொலைக்காட்சி பாடங்களை வீட்டுக்குக் கொண்டுவந்தது பெரிய உதவி. ஆனால் டிவியிடம் பிள்ளை சந்தேகம் கேட்க முடியாது. எழுதியதை அனுப்ப முடியாது, மாதிரித் தேர்வு எழுத முடியாது. அதற்கு இரு வழியும் ஓடும் இணைப்பு வேண்டும். கம்பியில்லாமல் வீட்டுக்கு இணையம் தரும் ஏர்ஃபைபர் வகைச் சேவைகள் 2023-இலிருந்து வந்திருக்கின்றன. டவருக்கு அருகே அவை நன்றாகவே இயங்கும். ஆனால் ஒரு டவரின் திறனை ஊரே பகிர்ந்துகொள்வதால் இரவு எட்டு மணிக்குமேல் வேகம் குறையக்கூடும். ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். சித்தேரி, வத்தல்மலை போன்ற மலைக்கிராமங்களில், காட்டு வழியே கம்பம் நட்டு இழை கொண்டுபோவது எளிதல்ல. அங்கே இன்றைக்குக் கம்பியில்லா இணைப்பு கிடைத்தால் வாங்கிக்கொள்வதே சரி. ஃபைபர் வரட்டும் என்று ஒரு பிள்ளை இரண்டு கல்வியாண்டு காத்திருக்க முடியாது.

பணக் கணக்கில் என் கருத்து பலருக்குப் பிடிக்காமல் போகலாம். ஃபைபர் வாங்கியதும் கேபிளைத் துண்டித்துவிடலாம் என்று எல்லா வீட்டுக்கும் நான் சொல்லமாட்டேன். 399 ரூபாய்த் திட்டம் 18 விழுக்காடு ஜிஎஸ்டியோடு 471 ஆகிறது. 449 ரூபாய்த் திட்டம் 530. நூறு நாள் வேலையில் 2025-26க்குத் தமிழகத்தில் நாள்கூலி 336 ரூபாய்; அந்தக் கணக்கில் இது ஏறக்குறைய ஒன்றரை நாள் உழைப்பு. டிராய் 2020-இல் 200 சேனல்களுக்கு அடிப்படைக் கட்டணம் 130 ரூபாய் என்று வரம்பு வைத்தது. வரியோடு 153 ரூபாய் 40 காசு, கட்டணச் சேனல்கள் தனி. 2024-இல் அந்த வரம்பு நீக்கப்பட்டது. ஆனாலும் வெறும் டிவி பார்ப்பதற்குக் கேபிளைவிட மலிவான வழி, தமிழ்ச் சேனல்களை விடாமல் பார்க்கும் வீட்டுக்கு, இன்னும் இல்லை. டிடி ஃப்ரீ டிஷ்ஷுக்கு மாதக் கட்டணம் கிடையாது என்றாலும் நம் வீடுகள் அன்றாடம் பார்க்கும் முக்கியக் கட்டணச் சேனல்கள் அதில் வருவதில்லை. ஃபைபர் வழியாக டிவி பார்க்க ஸ்மார்ட் டிவியோ தனிப் பெட்டியோ வேண்டும். பழைய பெட்டியை வைத்திருக்கும் பாட்டிக்கு அது வேண்டாத செலவு, ரிமோட்டும் புரியாது. படிக்கிற பிள்ளையோ நெட்டில் வேலை பார்க்கிறவரோ இல்லாத வீடு கேபிளோடு நிற்கட்டும், அதில் குறைவு ஒன்றுமில்லை. ஸ்மார்ட் டிவியும் நல்ல ஃபைபரும் உள்ள வீடு கேபிளை விடலாம். பிஎஸ்என்எல் 2024 அக்டோபரில் தமிழ்நாட்டிலும் மத்தியப் பிரதேசத்திலும் தன் ஃபைபர் வாடிக்கையாளர்களுக்கு நேரலை டிவி கொடுக்கத் தொடங்கியதால் அந்த வழியும் திறந்திருக்கிறது. ஆனால் ‘இத்தனை ஓடிடி இலவசம்’ என்று வரும் விலைகூடிய திட்டத்தை, அவற்றில் எதை உண்மையிலேயே பார்ப்போம் என்று எண்ணிப் பார்க்காமல் எடுக்கக் கூடாது.

இதில் அரசுக்கும் ஒரு கடமை இருக்கிறது. ஊராட்சிகளுக்கு இழை கொண்டுபோகும் மத்திய அரசின் பாரத்நெட் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தை நிறைவேற்ற 2018-இல் தமிழ்நாடு கண்ணாடி இழை வலையமைப்பு நிறுவனம் அமைக்கப்பட்டது. மாநிலத்தின் 12,525 ஊராட்சிகளுக்கும் குறைந்தது ஒரு ஜிபிபிஎஸ் திறனில் இழை கொண்டுபோவது குறிக்கோள்; பெரும்பகுதி மின்கம்பங்கள் வழியாகவே போகிறது. 2020-இல் டெண்டர் சர்ச்சையில் சிக்கி அது ஆண்டுக்கணக்கில் தாமதமானது. ஊராட்சி அலுவலகம் வரை இழை வந்துவிட்டால் வேலை முடிந்ததாகக் கணக்கெழுதிவிடக் கூடாது. ஒகேனக்கல் குடிநீர்த் திட்டத்தின் தண்ணீர் ஊர்த் தொட்டிக்கு ஏறினாலும், தெருக்குழாய் வரை திறந்துவிட ஓர் ஆள் வேண்டியிருக்கிறது. இழைக்கு அப்படியொரு ஆளாகக் கேபிள் ஆபரேட்டரை அமர்த்துவதே குறைந்த செலவில் முடியும். அரசின் இழையிலிருந்து அவருக்கு மொத்த விலையில் இணையம் கொடுக்கலாம். மின்கம்ப வாடகையை நியாயமாக வைக்கலாம். ஸ்பிளைசிங் மெஷின் வாங்கக் கூட்டுறவு வங்கிக் கடன் தரலாம். பதிலுக்கு 24 மணி நேரத்தில் பழுது நீக்க வேண்டும், தவறினால் வாடிக்கையாளருக்குக் கழிவு தர வேண்டும் என்று எழுதி வாங்கலாம். 251 ஊராட்சிகளில் எதில் இழை உயிரோடு இருக்கிறது, எதில் பெட்டி பூட்டிக் கிடக்கிறது என்று மாவட்ட நிர்வாகம் மாதாமாதம் பலகையில் எழுதிப் போட்டால், கிராமசபையில் மக்கள் எழுந்து கேள்வி கேட்க முடியும்.

அதுவரை புது இணைப்பு வாங்கும் குடும்பம், வேகம் எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால் பக்கத்து வீட்டில் ஒன்று கேட்க வேண்டும்: கடைசியாக உங்கள் நெட் எப்போது போனது, சரிசெய்ய யார் வந்தார், எத்தனை மணி நேரத்தில் வந்தார்? ஆறு மாதக் கட்டணத்தை மொத்தமாகக் கட்டச் சொன்னால், முதல் மூன்று மாதமாவது மாதாமாதம் கட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுப்பது நல்லது. மோடம் யாருக்குச் சொந்தம், டெபாசிட் திரும்பக் கிடைக்குமா, பில் யார் பெயரில் வரும் என்ற மூன்றையும் இணைப்பு கொடுக்க வரும் நாளிலேயே எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.