ரேடியேட்டர் புராணம்

"காருக்குத் தண்ணீர் மாற்றுவதெல்லாம் ஆண்பிள்ளைகள் காரியம், உனக்கெதற்கு அந்தக் கவலை?" என்று உங்கள் வீட்டில் யாராவது சொல்கிறார்களா, சகோதரிகளே? இந்தப் பக்கத்தை மடித்து அவர் கையில் கொடுங்கள். எஞ்சினைக் குளிர வைக்கும் வித்தை இருக்கிறதே, அது முழுக்க முழுக்க அடுப்பங்கரை வித்தை! இதை நான் தெரிந்துகொண்டது ஒரு சித்திரை மாதத்து முகூர்த்த நாளில், நடு ரோட்டில்.

விருதுநகரிலிருந்து சிவகாசிக்குக் கல்யாணத்துக்குப் புறப்பட்டோம். பின் ஸீட்டில் அத்தை, மடியில் சீர்த்தட்டு. எங்கள் காருக்கு வயது 12. ஆமத்தூர் தாண்டும்வரை சமர்த்தாகத்தான் ஓடியது. திருத்தங்கலை நெருங்கும்போது சூடு காட்டும் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. முன்பக்கத்திலிருந்து குபுகுபுவென்று ஆவி!

என் கணவர் காரை ஓரம் கட்டி, பானெட்டைத் தூக்கினார். தோளில் கிடந்த துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியைத் திருகப் போனார். அப்போது பட்டாசு வேலைக்குப் போய்க்கொண்டிருந்த ஓர் அம்மாள், தூக்குச்சட்டியும் கையுமாக நின்றார்.

"ஐயா, புஸ்ஸுன்னு அடங்கிப்போன வெடியைக் கையில எடுப்பீகளா? ஆறட்டும், விடுங்க" என்றார்.

திரி அணைந்த வெடியைக் கிட்டே போய்ப் பார்க்காதே என்பது அந்தப் பக்கத்துக் குழந்தைக்கும் தெரிந்த பாடமாயிற்றே! என் கணவர் சட்டென்று கையை இழுத்துக்கொண்டார். ஒரு மணி நேரம் புளிய மரத்தடியில் காத்திருந்தோம். முகூர்த்தம் போயிற்று, பந்திக்குத்தான் போய்ச் சேர்ந்தோம். போனால் போகட்டும், அவருடைய முகமும் கையும் மிஞ்சியதே!

அந்த மூடிக்கு அப்படி என்ன கோபம் என்று கேட்பீர்கள். உங்கள் வீட்டுக் குக்கரை நினைத்துக்கொள்ளுங்கள். திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். குக்கருக்குள் அழுத்தம் இருப்பதால் 120 டிகிரி வரை சூடேறும். ரேடியேட்டர் மூடியும் ஏறக்குறைய அதே அழுத்தத்தைத்தான் கட்டிக் காக்கிறது. சூட்டோடு திறந்தால் அழுத்தம் போய்விடும். உள்ளே இருக்கும் தண்ணீர் அந்தக் கணமே கொதித்துச் சீறும். ஆவியாகும் ஒவ்வொரு துளியும் 1,600 மடங்குக்கு மேல் விரியும். ஆவி அடங்காத குக்கரைத் திறப்பவள் நம்மில் உண்டா? இது மட்டும் என்னவாம்?

மறுநாள் எங்கள் தெரு மெக்கானிக் அண்ணாச்சி, ஆறின வண்டியின் மூடியைத் திறந்து காட்டினார். தண்ணீரா அது? செங்கல் கரைத்த குழம்பு!

"என்ன தண்ணி ஊத்துனீக?" என்றார்.

"வீட்டுப் போர் தண்ணிதான், அண்ணாச்சி."

"வெந்நீர் போடுற தவலைக்குள்ள பாத்திருக்கீகளாம்மா?"

எனக்கு உறைத்துவிட்டது. எங்கள் ஊர் உப்புத் தண்ணீரைத் தினம் காய்ச்சினால் தவலைக்குள் வெள்ளை வெள்ளையாகப் பொருக்குத் தட்டுமே, அதுதான் ரேடியேட்டரின் ஊசிக் குழாய்களுக்குள்ளும் தட்டியிருக்கிறது. நாம் குடிப்பதற்குக் குடம் காசு கொடுத்து நல்ல தண்ணீர் வாங்குகிறோம். காருக்கு மட்டும் உப்புத் தண்ணீர்! போடுகிற பெட்ரோலில் 100 ரூபாய்க்குச் சுமார் 30 ரூபாய் சூடாக மாறி இந்தத் தண்ணீர் வழியாகத்தான் வெளியேற வேண்டும். வழி அடைத்தால் எஞ்சின் என்ன செய்யும், பாவம்!

"எங்கப்பா அம்பாசடருக்குக் கிணத்துத் தண்ணிதானே ஊத்தினார்?" என்று என் கணவர் வாதாடினார். "குளிரில் தண்ணீர் உறையாமலிருக்கக் கூலன்ட் ஊற்றுவார்கள்; விருதுநகரில் தண்ணீர் உறையுமா?" என்றும் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் கூலன்ட் உறையாமல் காப்பதோடு நிற்பதில்லை. கொதிநிலையை உயர்த்துகிறது, துருப் பிடிக்காமல் தடுக்கிறது. இந்தக் காலத்து ரேடியேட்டர்கள் பெரும்பாலும் அலுமினியம். உப்புத் தண்ணீர் அதற்கு ஆகவே ஆகாது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, அண்ணாச்சி பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து சொல்லச் சொல்ல, நாங்களே செய்தோம். முறை இதுதான்:

முதல் நாள் இரவு நிறுத்திய வண்டியாக இருக்க வேண்டும். தொட்டால் சில்லென்றிருக்க வேண்டும். சமதரையில் நிறுத்தி, ஹாண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல் கொடுங்கள். சாவி கையில் இருந்தாலும் சில கார்களில் விசிறி தானே சுழலும், விரல் ஜாக்கிரதை.

மூடியைத் திறந்து, கீழே ஒரு பழைய பேசினை வையுங்கள். அந்தப் பேசின் மறுபடி அடுக்களைக்கு வரக்கூடாது! ரேடியேட்டரின் அடியிலுள்ள திருகைத் திறந்தால் பழைய தண்ணீர் வடியும். திருகு இல்லாத வண்டியில் அடி ஹோஸைக் கழற்ற வேண்டும்.

வடிந்ததும் அடைத்து, பாட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரை நிரப்புங்கள். மூடியைப் போட்டு, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து எஞ்சினை ஓட்டுங்கள். உள்ளே தெர்மோஸ்டாட் என்று ஒரு கதவு உண்டு. ஏறக்குறைய 80, 90 டிகிரியில்தான் அது திறக்கும். திறந்தால்தான் தண்ணீர் எல்லா இடமும் சுற்றும். மேல் ஹோஸ் சூடானால் கதவு திறந்துவிட்டதென்று அர்த்தம். எஞ்சினை நிறுத்தி, முழுக்க ஆறவிட்டு, மறுபடி வடியுங்கள். தெளிந்த தண்ணீர் வரும்வரை இப்படியே. எங்களுக்கு மூன்று தடவை ஆயிற்று, பொழுதும் சாய்ந்தது. அவசரப்பட்டுச் சூட்டு எஞ்சினில் பச்சைத் தண்ணீர் ஊற்றாதீர்கள். சூடான கல்சட்டியில் ஊற்றினால் என்ன ஆகும்? அதே கதிதான்.

"எலுமிச்சம்பழம் பிழிந்தால் பொருக்கு விடுமே, அண்ணாச்சி?" என்று என் கெட்டிக்காரத்தனத்தைக் காட்டினேன். "அலுமினியச் சட்டியில புளிக்குழம்பு வைப்பீகளாம்மா?" என்றார். வாயை மூடிக்கொண்டேன்.

பிறகு கூலன்ட். எந்த வகை, எத்தனை லிட்டர் என்பது காரோடு வந்த புத்தகத்தில் இருக்கும். நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள்; ஒரே நிறத்தில் வெவ்வேறு சரக்கு உண்டு. கெட்டிக் கூலன்ட்டானால் பாதிக்குப் பாதி டிஸ்டில்டு வாட்டர். கெட்டியாகவே ஊற்றினால் இன்னும் நல்லதல்லவா என்று எண்ண வேண்டாம். சூட்டைச் சுமப்பதில் தண்ணீர்தான் வல்லது. மொத்தம் 5 லிட்டர் பிடிக்கிற வண்டியானால், முதலில் இரண்டரை லிட்டர் கெட்டிக் கூலன்ட்டை ஊற்றி, மீதியைத் தண்ணீரால் நிரப்புங்கள். கழுவிய தண்ணீர் கொஞ்சம் உள்ளே தங்கியிருக்கும். அதுவும் கணக்கில் சேர்ந்துவிடும்.

மெதுவாக ஊற்றி, ஹோஸைப் பிசைந்து காற்றுக் குமிழியை வெளியேற்ற வேண்டும். சில வண்டிகளில் அதற்கென்றே தனித் திருகு உண்டு. மறுநாளும் அதற்கடுத்த நாளும் காலையில் தொட்டியின் இரண்டு கோடுகளுக்கு நடுவே அளவு நிற்கிறதா என்று பாருங்கள். குறைந்துகொண்டே போனால் ஒழுக்கு இருக்கலாம். புது மாதிரி ஹைபிரிட், மின்சாரக் கார்களில் மட்டும் நாம் கை வைக்க வேண்டாம்.

இத்துடன் புராணம் முடிந்ததென்றுதான் நானும் நினைத்தேன். அன்று இரவு பால் காய்ச்சப் போனவள் அடுக்களையில் திடுக்கிட்டு நின்றேன். மீந்த கூலன்ட்டை என் கணவர் பத்திரமாக ஒரு காலிக் கலர் பாட்டிலில் ஊற்றி மேடைமேல் வைத்திருந்தார். நல்ல ரோஜா நிறம். கொழுந்தன் மகன், நாலு வயதுப் பிள்ளை, ஸ்டூல்மேல் ஏறி அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, "பெரியம்மா, ரோஸ்மில்க் எனக்கா?" என்கிறான்!

மூடி திறக்கவில்லை. பிடுங்கிக்கொண்ட பிறகும் என் கை நடுங்கியது நிற்க அரை மணி ஆயிற்று.

கூலன்ட்டில் இருப்பது பெரும்பாலும் எத்திலீன் கிளைகால். தித்திக்கும், அதுதான் அபாயம். சிறு குழந்தையின் உயிருக்கு ஓரிரு மேஜைக்கரண்டியே போதும். முதலில் குடிபோதை போலத் தள்ளாட்டம், பிறகு சிறுநீரகம் பழுது. 2022இல் ஆப்பிரிக்காவின் காம்பியா நாட்டில் 60க்கும் மேற்பட்ட குழந்தைகள் மாண்டபோது, இந்தக் கிளைகால் விஷங்கள் இருமல் மருந்தில் கலந்திருந்ததாக உலக சுகாதார நிறுவனம் எச்சரித்தது. யாராவது தப்பித் தவறிக் குடித்துவிட்டால், அறிகுறி வரட்டும் என்று காத்திராதீர்கள். பாட்டிலையும் எடுத்துக்கொண்டு உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். மாற்று மருந்து உண்டு. நேரத்தோடு போனால் பிழைக்கலாம்.

ஆகவே மீந்ததை அதன் சொந்த டப்பாவிலேயே, பூட்டிய அலமாரியில் வையுங்கள். வடித்த பழைய தண்ணீரும் அதே விஷம்தான். நாய் நக்கும், மாடு குடிக்கும். சாக்கடையிலோ கிணற்றடியிலோ கொட்டாதீர்கள். நாங்கள் கேனில் அடைத்து, மேலே எழுதி ஒட்டி, அண்ணாச்சியின் பட்டறையில் கொடுத்துவிட்டோம்.

வண்டி இப்போது சிவகாசிக்கும் சாத்தூருக்கும் முனகாமல் போய் வருகிறது. திருத்தங்கல் வந்தால் அந்தப் புளிய மரத்தடியில் என் கணவர் வேகத்தைக் குறைக்கிறார். தூக்குச்சட்டியோடு யாராவது போகிறார்களா என்று இருவரும் பார்க்கிறோம். பேரைக்கூடக் கேட்காமல் விட்டுவிட்டோமே!