கலசமும் இடிதாங்கியும்

கோபுரக் கலசம்தான் நம் முன்னோர் வைத்த இடிதாங்கி, உள்ளே இருக்கும் வரகு மின்னலை இழுத்துக்கொள்ளும் என்று ஒவ்வொரு கோடை மழைக்கும் ஒரு வாட்ஸ்அப் செய்தி வந்துவிடுகிறது. கலசத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் உச்சியில் செம்பு இருந்தால் போதாது. அங்கிருந்து அறுபடாத பட்டை ஒன்று இறங்கி மண்ணில் புதைய வேண்டும். பெஞ்சமின் ஃபிராங்க்ளின் 18ஆம் நூற்றாண்டில் சொன்னதும் அதுதான். வழி கொடுக்காவிட்டால் மின்னல் சுவரைப் பிளந்து தானே வழி தேடிக்கொள்ளும்.

சாதாரண வீட்டுக்காரர் முதலில் செலவழிக்க வேண்டியது எர்த்துக்கு. எங்கோ விழுந்த இடிகூட ஈ.பி. கம்பி வழியாகவோ கேபிள் வழியாகவோ உள்ளே வந்து டி.வி.யைக் கருக்கிவிடும். எர்த் குழி கோடையில் காய்ந்து கிடக்கிறதா என்று எத்தனை பேர் பார்க்கிறோம்? இரண்டு குடம் தண்ணீர் ஊற்றலாம். எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த்தைச் சோதித்து, மெயின் போர்டில் சர்ஜ் புரொடெக்டரும் போடச் சொல்லலாம்.

மேகம் கறுத்ததுமே பிளக்கையும் கேபிளையும் பிடுங்கிவிட வேண்டும். சுவிட்சை அணைப்பது பத்தாது. வானத்திலிருந்து தாவி வந்ததற்கு சுவிட்சுக்குள் இருக்கும் சின்ன இடைவெளி எம்மாத்திரம்?

இடி கேட்ட பிறகுதான் எங்கள் வீட்டிலும் மொட்டை மாடித் துணியை எடுக்க ஓடுகிறார்கள். துணி நனையட்டுமே, மறுநாள் காயாதா?